எருதுகள் ஒப்புக்கொண்ட மெட்டு

என் சங்கீதத்தைப் பற்றி எத்தனையோ பேர் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்கள். கோயமுத்தூரில் நான் குடியிருந்தபோது பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டிச் சொன்னார். ஆர்மோனியம் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்ட ஒருவர், ஊரில் அவசரமாக ஒரு வேலை, போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். அந்த வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. இவர்களெல்லாம் நாகரிகம் பார்த்தவர்கள். என் பாட்டை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னவை இரண்டு எருதுகள். ஒன்று மயிலை, மற்றது செவலை. இரண்டில் செவலைக்குத்தான் காது கூர்மை.

பேசும் படம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு ஜின்னிங் பாக்டரியில் குமாஸ்தா. பஞ்சுத் தூசி ஏறி ஏறி மூக்காலேயே பேசிக்கொண்டிருந்த எனக்கு, டாக்கியில் சிலர் மூக்கால் பாடியதைக் கேட்டதும் நம்மாலும் முடியும் என்று தோன்றிவிட்டது. பழைய பாட்டெல்லாம் செக்கு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றுகிறது, இனிமேல் உலகமே புது மெட்டில்தான் பாடப்போகிறது என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுவேன். டாக்கி வந்து சங்கீதத்தைக் கெடுத்துவிட்டது என்று எதிர்த்துப் பேசவும் ஆள் இருந்தார்கள். இரண்டு கட்சிக்கும் சங்கீதம் தெரியாது என்பதால் விவாதம் தங்குதடையில்லாமல் நடக்கும்.

அப்படி இருந்தபோதுதான் ஊரிலிருந்து ஆள் வந்தது. அண்ணனுக்கு இருமினால் ரத்தம் வருகிறது என்றார்கள். வண்டி கட்டிக் கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காசம். ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கு. இனிமேல் தோட்ட வேலை கூடாது. உரக்கப் பேசக் கூடாது. பாட்டு கீட்டு பாடுவாரா?"

"பாட்டு மட்டுந்தானுங்க பாடுவாரு" என்றேன்.

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. அண்ணன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எங்கள் அப்பா இருந்தவரை அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் பேசுவார். மற்றவர்கள் "சரிங்க" சொல்வோம். அண்ணன் வாய் திறந்தது கிணற்று மேட்டில் மட்டும்.

பாக்டரியில் லீவு சொல்லிவிட்டு நானும் தோட்டத்துக்குப் போனேன். பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காடு. கிணற்றை ஒட்டியே வீடு; எங்கள் பக்கம் அதைச் சாளை என்போம். வீட்டில் அண்ணனும், அண்ணன் மனைவியும் மட்டும். குழந்தை இல்லை. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம்.

பருத்தி பூவெடுத்திருந்தது. தண்ணீர் தவறினால் பூ உதிரும். கவலை ஓட்டியே ஆகவேண்டும், ஓட்ட வேறு ஆள் இல்லை. கவலை என்றால் இன்றைக்குப் பட்டணத்துப் பிள்ளைகள் மனக்கவலை என்றுதான் நினைப்பார்கள். இது கிணற்றில் தண்ணீர் இறைப்பது. கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை வெட்டியிருக்கும். எருதுகள் அதில் இறங்கினால் வடம் இழுபட்டு, பறி என்கிற பெரிய தோல் சால் தண்ணீரோடு மேலே வந்து தொட்டியில் ஊற்றும். உடனே எருதுகள் முகத்தைத் திருப்பாமல் பின்னுக்கு நடந்தே மேடேற வேண்டும். பறி மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். விடியலில் பூட்டினால் உச்சிப்பொழுதுவரை இதுதான்.

அண்ணன் கையில் சாட்டை வைத்துக்கொண்டதில்லை. எல்லாம் பாட்டுத்தான். எருதுகள் இறங்கும்போது குரலை நீளமாக இழுப்பார். தண்ணீர் தொட்டியில் விழுந்ததும் குரல் சட்டென்று கீழே இறங்கும். அந்த இறக்கத்தைக் கேட்டால் எருதுகள் பின்னுக்கு நடக்கும். காட்டின் கடைசியில் நங்கை மம்முட்டியோடு மடையில் நிற்பாள். பருத்திச் செடியும் கிளுவை வேலியும் மறைப்பதால் அங்கிருந்து கிணறு தெரியாது. பாட்டைக் கேட்டுத்தான் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எப்போது ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறப்பது என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் நான் வடத்தில் ஏறி உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த வருஷம் கோயமுத்தூரே முணுமுணுத்த ஒரு டாக்கி மெட்டை எடுத்து விட்டேன். அதில் நடுவில் ஒரு பிர்கா வரும். உச்சிக்குப் போய் உருண்டு கீழே வரும். அந்த இடத்தைப் பாடும்போது என்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்வேன். அன்றைக்கும் மூடினேன்.

எருதுகளுக்கு என்ன தெரியும் பிர்காவைப் பற்றி? குரல் இறங்கியது, தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பாதிச் சரிவில் நின்று, பின்னுக்கு நடக்க ஆரம்பித்தன. பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்த பறி தடாலென்று தண்ணீரில் போய் விழுந்தது. வடம் தளர்ந்து, நான் மண்ணில் மல்லாந்தேன். கண்ணைத் திறந்தபோது செவலையின் வால் என் முகத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்களுக்கு மாமன் முறை. வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"ஏனுங் மாப்ளே, எருதுக்கு டாக்கி காட்டறீங்களாட்டிருக்குது?"

"டிக்கெட்டு வாங்காமப் பாக்கறீங்களேங் மாமா" என்றேன், படுத்தபடியே.

சாளை வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. நான் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது வாயில் வைத்திருந்த துணி சிவந்திருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அடுத்தவர்களைச் சிரிக்க வைப்பது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அது ஆகாத காரியமாகிவிட்டது. வாயில் ஏதாவது வேடிக்கை வந்தால் கிணற்றடிக்குப் போய் எருதுகளிடம் சொல்லிவிட்டு வருவேன்.

மூச்சு அடங்கியதும் அண்ணன் சொன்னார்: "என்ற பாட்டையே பாடுறா. உன்ற சோக்கெல்லாம் கோயமுத்தூர்ல வெச்சுக்க. ஒரு எழுத்து மாத்தாதே. அதுக கேக்காது."

அப்படியே செய்தேன். கேட்டுக் கேட்டு வளர்ந்த பாட்டு. சொல் எனக்குத் தெரியும், இழுப்புத்தான் வராது. இரண்டு மூன்று நாள் எருதுகள் சந்தேகத்தோடு நடந்தன. பிறகு பழகிவிட்டன. ஒரு காலையில் பறி ஊற்றும்போது வாசல் பக்கம் பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் இழுக்கும்போது அவர் தொண்டை மேலும் கீழும் போய்வந்தது; சத்தம் மட்டும் இல்லை. குரல் இறங்குகிற இடத்தில் தலை லேசாகச் சாயும். பொழுது சாய மாமன் வந்து உடம்பை விசாரித்தபோது, "இன்னைக்கு நல்லா எறைச்சுப்போட்டனுங்க மாமா" என்றார். நான்தான் இறைத்தேன் என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. உண்மையில் யார் இறைத்தது என்று எனக்கே அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒரு எழுத்தும் மாற்றாதே என்றாரே, அந்தப் பாட்டில் ஓர் அடி வரும்: 'மயிலைக்குப் பசிக்குதாம், மடைக்காரி அறிவாளா.' வெயில் ஏறும்போது அண்ணன் அதைப் பாடுவார். எருதைப் பற்றிய பாட்டு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அதே வெயிலில் அதே அடியை நானும் பாடினேன். கொஞ்ச நேரத்தில் நங்கை வரப்பில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். கையில் கூழ்க் கலயம், மேலே ஈயம் பூசிய லோட்டா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள், பூவரச மரத்தருகே வந்து நிமிர்ந்து பார்த்தாள். வடத்தின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. கலயத்தை மரத்தடியில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 'செவலைக்குக் கோவமில்லே, சிரிச்சாப் போதுமாம்' என்று ஓர் அடி உண்டு. அதையும் நான் எருதின் தலையிலேயே கட்டியிருந்தேன். அப்பா இருந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அவர் போன பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் காட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில், எருதுகளின் பேரைச் சொல்லி. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதைத்தான் நான் ஊர் கேட்க, என் மூக்குக் குரலில், ஒரு எழுத்து மாற்றாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

அன்று பொழுது சாய நங்கை தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏனுங் தம்பி, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங் நங்கை."

"அந்தப் பாட்டு வேண்டாமுங்க. நீங்க வேற எதாச்சும் பாடுங்க. மொத நாளு பாடுனீங்களே, உழுந்தீங்களே, அதே பாடுங்க. மடை ஒடைஞ்சாலும் நான் கட்டிக்கறனுங்க."

"வார்த்தையெ உட்டுப்போட்டு வெறும் ராகத்தெ இழுக்கறனுங்க."

"வார்த்தை இல்லாட்டியும் அது அவங்கதானுங்க." குடத்தை மூடினாள். "அக்கட்டால மடைல நிக்கறப்ப நல்லாயிட்டாங்கன்னு நெனைச்சுக்கறனுங்க. அப்பறம் இக்கட்டால வந்து பாக்கறனுங்க."

மாகாணத்தில் இரட்டை ஆட்சி நடக்கிறது என்று அந்த நாளில் பேப்பரில் எழுதுவார்கள். அது எப்படி நடக்கும் என்று எனக்கு அந்தக் கிணற்று மேட்டில் புரிந்தது. வாசலில் படுத்திருந்தவருக்குப் பாட்டு மாறக் கூடாது. மடையில் நின்றவளுக்குப் பாட்டு மாறியே ஆகவேண்டும். காப்பிக் கடையில் நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் மந்த புத்திக்காரன், புதுசைக் கேட்கிறவன் கெட்டிக்காரன் என்று எவ்வளவு சுலபமாகப் பிரித்து வைத்திருந்தேன். இங்கே புதுசு கேட்டவள்தான் பழைய பாட்டை ஒரு மூச்சு விடாமல் மனதில் வைத்திருந்தாள். பழசே வேண்டும் என்றவருக்கு அது சங்கீதமாகக்கூடத் தோன்றியிருக்காது. அந்தப் பாட்டு ஓடுகிறவரை தான் கிணற்று மேட்டில் இருப்பதாக ஒரு நினைப்பு, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் நடுவில் நான், என் கட்சிக்கு எருதுகள்கூடக் கிடையாது.

ஆகவே குமாஸ்தா புத்தியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அண்ணன் விழித்திருக்கும்போது அவர் பாட்டு. மருந்து குடித்துவிட்டுத் தூங்கும்போது டாக்கி மெட்டு. எருதுகளைச் சம்மதிக்க வைக்க முதலில் பிர்காவை நீக்கினேன். என் உயிரில் பாதி போனது மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் விழும் இடத்தில் குரலை இறக்கினேன். நடுவில் என்ன பாடினாலும் எருதுகளுக்கு அக்கறை இல்லை, இறக்கம் இடம் மாறாமல் இருந்தால் போதும் என்று தெரிந்தது. மயிலை மறுநாளே ஒத்துக்கொண்டது. செவலை மட்டும் கொஞ்ச நாள் காதை ஆட்டிக்கொண்டு நின்று நின்று யோசித்தது. பிறகு அதுவும் நடந்தது. மடைப் பக்கமிருந்து கூப்பாடு வரவில்லை. பாத்திகள் ஒழுங்காகப் பாய்ந்தன. நங்கை இரண்டு பாட்டுக்கும் மடை திருப்பக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் கட்டிலடியில் உட்கார்ந்து அண்ணனுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அது ஏது மெட்டு?"

"எதுங்ணா?"

"காத்தால பாடுனயே."

"அதுங்ளா... டாக்கி மெட்டுங்ணா. சும்மா வாய்க்கு வந்துருச்சு."

"எருது கேட்டுதா?"

பொய் சொல்வதில் எனக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. "எங்கீங்ணா. ரெண்டும் மொரண்டு புடிச்சு நின்னுக்கிச்சு. செவலை என்னையத் திரும்பி ஒரு பார்வை பாத்துது பாருங்க, எங்க பாக்டரி மேனேஜர் தோத்தாரு."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்க வைக்கப் பயந்தவன், அன்றைக்கு அவர் சிரிக்கமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டீல தண்ணி உழுந்துட்டே இருந்துதே" என்றார். "நின்னுருந்தா எப்படி உழுகும்?"

என் கையில் விசிறி நின்றுபோனது.

"நல்லாத்தான் நடந்துருக்குது." கண்ணைத் திறந்து, "செவலையுமா?" என்றார்.

"செவலையுந்தானுங்ணா."

"ம்."

சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

மறுநாள் விடியலில் வடத்தில் உட்கார்ந்து அவருடைய பாட்டையே எடுத்தேன். பிள்ளையாரைக் கும்பிடும் முதல் அடியிலிருந்து, இழுப்பு, இறக்கம், நிறுத்தம், எதுவும் விடாமல், என்னால் முடிந்தவரை உரக்கப் பாடினேன். நங்கைக்குக் கேட்டிருக்கும்; அவள் என்னை மன்னித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எருதுகள் நன்றாக நடந்தன. ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் வாசலைப் பார்த்தேன். அண்ணன் விழித்துத்தான் இருந்தார். கண் கூரையில் இருந்தது. உதடு அசையவில்லை.

அதற்குப் பிறகு அவர் மாமனிடம் "எறைச்சுப்போட்டேன்" என்று சொல்லவில்லை. "தம்பி எறைக்கறானுங்க" என்றார். பருத்திக் காய் பிடிக்கும் சமயத்தில் போய்விட்டார். கடைசி நாளில் பேச்சில்லை. நங்கை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்களை வைத்துக்கொண்டு அவளாலும் எதுவும் பேச முடியவில்லை. நாங்கள் வெளியே போயிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கருமாதி முடியும்வரை எருதுகள் கட்டுத்தறியில் நின்றன. செடி வாட ஆரம்பித்தது. காய் உதிர்வதை மாமன் வந்து பார்த்துவிட்டு, "பூட்டுங் மாப்ளே, செத்தவங்களுக்கு அழுகறது ஒரு பக்கம், காடு ஒரு பக்கம்" என்றார். அவர் சொன்னது சரிதான். மறுநாள் விடிவதற்குள் நங்கை வெள்ளைச் சேலையோடு மம்முட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போனாள். என்ன பாடுவது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசலில் கட்டில் இல்லை. இனி பழைய பாட்டைக் கேட்க ஆளில்லை. அதைக் கேட்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். டாக்கி மெட்டைப் பாடினேன். மயிலையும் செவலையும் ஒருமுறைகூட நிற்கவில்லை. பறி வந்தது, ஊற்றியது, போனது. எதிலாவது ஏதாவது ஒன்று தவறும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு மடையாவது உடையும், செவலையாவது ஒரு தரம் காதை ஆட்டும் என்று பார்த்தேன். ஒன்றும் தவறவில்லை. எல்லாம் அவ்வளவு நன்றாக நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் மடைப் பக்கமிருந்து "போதுமுங்க" என்று குரல் வந்தது. நான் நம்பவில்லை. எருதுகளை நிறுத்திவிட்டு வரப்பில் போய்ப் பார்த்தேன். கடைசிப் பாத்திவரை தண்ணீர் நின்றது. நங்கை வாய்க்காலில் மம்முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா நங்கை?"

"முடிஞ்சுதுங்க தம்பி. அவங்க எறைச்சா இந்நேரத்துக்குப் பாதிக்காடுகூடப் பாஞ்சிருக்காதுங்க."

"புது மெட்டு வெரசா ஓடுதுங்க நங்கை, அதான்" என்றேன்.

"மெட்டு இல்லீங்க." மம்முட்டியை வரப்பில் சாத்தி வைத்தாள். "அவங்க எடைல எடைல நிறுத்திப்போடுவாங்க. ஒரு அடி பாடிப்போட்டு, இக்கட்டால இருந்து நான் என்ன சொல்றன்னு காது குடுத்துட்டு நிப்பாங்க. நான் எதாச்சும் சொல்ற வரைக்கும் எருது நகராதுங்க."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்மேல் கை வைத்துப் பொழுதைப் பார்த்தாள்.

"இன்னும் இத்தனை பொழுது கெடக்குதுங்களே" என்றாள். "இனி என்னங்க பண்றது?"